சிறுமுதற் பேய்ப்படங்களும் அச்சச் சுவையும்

அஞ்சுதல் உயிர்க்கெல்லாம் இயல்பு. அஞ்சத்தக்கதனை விட்டு விலகுதலும் இயல்பே. ஆயின், காசு கொடுத்து இருண்ட அரங்கினுட் புகுந்து, அஞ்சுவதற்கென்றே இரண்டு மணிநேரம் அமர்ந்திருக்கும் வழக்கம் மனிதனிடத்து மட்டுமே காணப்படுவது. பாம்பைக் கண்ட குரங்கு மரமேறித் தப்பும். அவ்வச்சத்தை மறுமுறை நுகர்தற்பொருட்டுப் பாம்பைத் தேடி அது வருவதில்லை. மனிதனோ வருகின்றான். வந்ததோடமையாது, படம் தன்னை அச்சுறுத்தத் தவறின், ஏமாற்றப்பட்டவன் போலச் சினந்து செல்கின்றான். இவ்வியல்பு கலையாராய்ச்சிக்கு உரிய பொருளாம்.

இத்துறையிற் பிறிதொரு வியப்பும் உண்டு. பெரும்பொருள் செலவிட்டு, வானளாவிய அரண்மனைகளையும் கோரமான பூதங்களையும் கணினியால் வரைந்து காட்டும் படங்கள் பல, பார்த்தவன் வீடு சேருமுன்னரே மறக்கப்படுகின்றன. ஒரு வீடு, நாலைந்து நடிகர், ஒரு கைவிளக்கு என்னும் இவற்றையே முதலாகக் கொண்ட படங்கள் சில, பார்த்தவனுடன் அவன் வீட்டுக்கும் வந்து, இரவிற் கிணற்றடிக்குத் தனியே செல்லத் தயங்கவைக்கின்றன. இதற்குக் காரணம் யாது? வறுமையே காரணம் என்பது விடையாகாது. வறுமை ஒன்றே கலையாக்குமாயின், உலகிற் கலைஞரல்லாதார் மிகச் சிலராகவே இருப்பர். ஆகவே, குறைந்த முதலிற் படம் எடுப்போன் தன் குறைவை எவ்வாறு பயன்கொள்கின்றான் என்பதையே நாம் ஆராய வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் அளவுகோல் நம் மொழியிலேயே உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவை ஒவ்வொன்றும் பிறக்கும் களன்களை நந்நான்காகக் கூறினார். அச்சம் பிறக்கும் களன்களாக அவர் கொண்டவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. பேயும் தெய்வமுமாகிய கட்புலனுக்கு எட்டா ஆற்றல்கள் அணங்கு, கொடுவிலங்குகள் விலங்கு, தீத்தொழில் புரியும் மாந்தர் கள்வர், தம்மை ஆளும் அதிகாரமுடையார் இறை. உலகிற் தோன்றிய அச்சப்படங்களுட் பெரும்பாலானவற்றை இந்நான்கு அறைகளுள் ஒன்றில் அடக்கிவிடலாம்.

ஆயின், தலைசிறந்தவற்றை அவ்வாறு அடக்குதல் எளிதன்று. ஈண்டு யாம் நிறுவ விழைவதும் இதுவே. அஞ்சப்படும் பொருள் இந்நான்கனுள் எது என்று துணிய முடியாத நிலையிலேயே அச்சம் முதிர்கின்றது. அணங்கு என்று துணிந்தவன் ஓதிப் பார்ப்பான். விலங்கு என்று துணிந்தவன் தடியெடுப்பான். கள்வன் என்று துணிந்தவன் அயலாரைக் கூவியழைப்பான். இறை என்று துணிந்தவன் பணிவான் அல்லது எதிர்ப்பான். துணிவு பிறந்தவிடத்துச் செயல் பிறக்கின்றது. செயல் பிறந்தவிடத்து அச்சம் பாதியாகக் குறைகின்றது. துணிவு பிறவாத இடைவெளியில் நிற்பவனுக்கே கைகால் இயங்காமற் போகின்றன. சிறுமுதற் படம் அவ்விடைவெளியை நீட்டிக்க வல்லது. எதனையும் முழுமையாகக் காட்ட அதற்கு வசதியில்லை. காட்ட இயலாமையைக் காட்டாமையாக மாற்றிக்கொள்பவனே அத்துறையிற் கலைஞனாகின்றான்.

பெருஞ்செலவு அச்சத்தைத் தருவதில்லையெனின், அது தருவது யாது? இதற்கும் மெய்ப்பாட்டியலே விடை கூறுகின்றது. அளவிற் பெரியதும் புதியதுமாகிய பொருளைக் கண்டவிடத்துப் பிறப்பது மருட்கை. மலைபோன்ற பூதம் திரையை நிறைக்குங்கால் நாம் வாய்பிளந்து வியக்கின்றோம், அஞ்சுகின்றோம் அல்லோம். குருதியும் சிதைந்த உடலும் அண்மையிற் காட்டப்படுங்கால் முகஞ்சுளிக்கின்றோம், அஃது இளிவரலாம். பேயின் உருவத்தைத் தலைமுதற் கால்வரை விளக்கமாகக் காட்டினாலோ, பெரும்பாலும் பிறப்பது நகை. சயங்கொண்டார் இதனை நன்கறிந்த புலவர். கலிங்கத்துப்பரணியிற் பேய்களின் பல்லையும் வயிற்றையும் முதுகையும் ஒன்றும் விடாது வருணித்து, அவற்றைப் போர்க்களத்திற் கூழட்டு உண்ணவும் வைத்தார். அதனைப் படிப்பவன் அஞ்சுவதில்லை. பேய்களின் பசிக்கு இரங்கிச் சிரிக்கின்றான். 2007இல் வெளிவந்த ‘முனி’யும் 2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’வும் 2014இல் வெளிவந்த ‘அரண்மனை’யும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கன. அவை நகையை நாடியே பேயைக் காட்டின, நாடியதைப் பெற்றன. அவற்றை அச்சப்படங்கள் எனக்கொண்டு குறைகூறுதல் முறையன்று.

நாடகச் சுவையை மேனாட்டு நாடகத்தோடு ஒப்பவைத்து நோக்கும் வழியைத் தமிழுக்குக் காட்டியவர் இக்கரையிற் பிறந்தவரே. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்கசூளாமணி’ என்னும் நூலிற் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவர் காட்டிய வழிநின்று ‘ஹம்லெற்’ நாடகத்தின் தொடக்கத்தை நோக்குவோமாக. அந்நாடகம் முதன்முதல் நடிக்கப்பட்ட காலத்து, இலண்டன் நகர அரங்குகள் மேற்கூரை இல்லாதன. பிற்பகல் வெயிலில், காட்சித் திரை எதுவுமின்றி, நள்ளிரவையும் பேயையும் தோற்றுவிக்க வேண்டிய நிலை. இதனினும் குறைந்த முதல் யாது? கவிஞர் செய்தது இதுவே: காவல் நிற்பவன் வருபவனை ‘யார்’ என்று வினவுவதே முறை, இங்கோ காவல் மாற்ற வருபவன் நிற்பவனை வினவுகின்றான். முறை பிறழ்ந்த இவ்வொரு வினாவால், அம்மதிலின்மேல் யாதோ நிகழ்ந்திருக்கின்றது என்பதை அவையோர் உணர்கின்றனர். பின்னர், முன்னிரவுகளிற் கண்டதைப் பற்றித் தாழ்ந்த குரலிற் பேச்சு; அதனை நம்பாத ஒருவன்; அதன் பின்னரே பேயின் வரவு. வந்த பின்னரும் அது தந்தையின் ஆவியோ, தந்தையின் உருக்கொண்ட சாத்தானோ என்னும் ஐயம் ஹம்லெற்றை நெடுங்காலம் அலைக்கின்றது. பேயைக் கண்டதனால் அவன் அடைந்த துன்பத்தினும், கண்டது எது என்று அறியாமையால் அடைந்த துன்பமே பெரிது.

தமிழ்க் கூத்து மரபிலும் இந்நுட்பம் உண்டு. கொடிய பாத்திரம் அவைக்கு வருமுன் இருவர் சீலை பிடித்து மறைப்பர். சதங்கை ஒலியும் உறுமலும் கேட்கும், சீலை அசையும், முகம் மட்டும் தோன்றாது. குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைப்பது அப்பொழுதே. சீலை விலகிய பின்னர் அவர்கள் தலைநிமிர்ந்து, வேடத்தின் வண்ணங்களை வியந்து பார்க்கத் தொடங்குவர்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். அமெரிக்க நிறுவனம் ஒன்று, வால் லூற்றன் என்பாரிடம், ஒவ்வொரு படமும் 150,000 டொலருக்குட்பட்ட செலவில் முடிய வேண்டும் என்னும் நிபந்தனையோடு அச்சப்படங்களைத் தயாரிக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அவற்றுள் முதலாவது, 1942இல் ஜாக் ரேர்னரின் நெறியாள்கையில் வெளிவந்த ‘கற் பீப்பிள்’. தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை அது. மாற்றத்தைக் காட்டப் பணமில்லை. நெறியாளர் அதனைக் காட்டவும் விரும்பவில்லை. இரவுத் தெருவில் ஒருத்தி தனியே நடக்கின்றாள். பின்னால் மற்றொருத்தியின் காலடியோசை கேட்கின்றது. சிறிது நேரத்தில் அவ்வோசை நின்றுவிடுகின்றது. தொடர்ந்து வந்தவள் திரும்பிச் சென்றாளா, காலோசை எழாத வேறொன்றாக மாறினாளா? அக்கணத்திற் சீறலொன்று கேட்கின்றது. அது விலங்கன்று, வந்து நிற்கும் பேருந்தின் ஒலி. நீச்சற் குளக் காட்சியிலும் சுவரில் அசையும் நீரின் நிழலும் ஓர் உறுமலும் அன்றி வேறெதுவும் இல்லை. அணங்கோ விலங்கோ மனநோயுற்ற பெண்ணோ என்று துணிய முடியாமையே அப்படத்தின் உயிர்நிலை.

ஓசை எழுவதினும் ஓசை நிற்பது அச்சந்தருவது என்னும் உண்மை நம்மூராருக்குப் புதிதன்று. மருதமுனையிலே தறியோசையோடு வளர்ந்த குழந்தை அவ்வோசையிலே உறங்கும். அது திடீரென நின்றால் விழித்துக்கொள்ளும். பழகியது பிறழ்வதே அச்சத்தின் வாயில். இதனாலேயே சிறுமுதற் படத்திற்கு வீடு சிறந்த களமாகின்றது. 2007இல் முதன்முதல் திரையிடப்பட்ட ‘பரானோர்மல் அக்ரிவிற்றி’ என்னும் படத்தை ஓரென் பெலி என்பார் தம் சொந்த வீட்டில், ஏறத்தாழ 15,000 டொலர் செலவில் எடுத்தார். படுக்கையறை மூலையில் அசையாது நிறுத்தப்பட்ட கருவி இரவு முழுவதையும் பதிவு செய்கின்றது. உறங்கிய பெண் எழுந்து, காதலன் பக்கத்தில் நின்று, அவனையே நோக்கியபடி மணிக்கணக்கில் அசையாதிருக்கின்றாள். திரையோரத்தில் நேரம் விரைந்தோடுகின்றது. குருதியில்லை, கூச்சலில்லை, பேயுருவும் இல்லை. நாம் உறங்குங்கால் நம் வீட்டில் யாது நிகழ்கின்றது என்பதை நாம் அறியோம் என்னும் எளிய உண்மையே அங்கு அச்சமாகின்றது.

பழகிய இடம் போன்றே முன்கூறிய சொல்லும் இன்றியமையாதது. 1999இல் வெளிவந்த ‘பிளெயர் விற்ச் புறொஜெக்ற்’ படத்திற் சூனியக்காரி ஒருபொழுதும் தோன்றுவதில்லை. இறுதியில் ஒருவன் பாழ்வீட்டின் மூலையிற் சுவரை நோக்கி நிற்கின்றான், அவ்வளவே. முன்னறியாதார் கண்ணுக்கு அது பொருளற்ற காட்சி. ஆயின், ஒரு கொலைஞன் ஒரு குழந்தையைக் கொல்லும்பொழுது மற்றைக் குழந்தையைச் சுவர்நோக்கி நிற்கவைப்பான் என்று படத்தின் தொடக்கத்தில் ஊரார் கூறும் பேச்சைக் கேட்டவனுக்கு அந்நிலை ஒன்றே போதும். சொல்லுக்குச் செலவில்லை. மூத்தம்மாமார் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னிருந்து கூறிய ஜின் கதைகளும் இம்முறையினவே. புளியமரத்தடியில் யாது உளது என்பதை அவர்கள் கூறுவதில்லை. அவ்வழி சென்ற ஒருவர் மூன்று நாள் பேசாதிருந்தார் என்பதோடு நிறுத்துவர். ஜின் என்னும் அரபுச் சொல்லின் வேர் மறைத்தல் என்னும் பொருளது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழில் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு, 2012இல் வெளிவந்த கார்த்திக் சுப்பராஜின் முதற்படமாகிய ‘பீட்சா’. அன்று பெரும்பெயர் பெற்றிராத விசய் சேதுபதி, உணவு கொண்டுசெல்லும் பணியாளனாக நடித்தார். ஒரு மாளிகையுள் அகப்பட்ட அவன், கைவிளக்கின் ஒளியில் அறை அறையாகத் திரிவதே படத்தின் மையம். விளக்கின் வட்டம் எவ்வளவு காட்டுகின்றதோ அவ்வளவே நமக்கும் தெரியும். வட்டத்துக்கு வெளியே உள்ளதை நம் உள்ளம் வரைந்துகொள்கின்றது. ஆயின் அப்படத்தின் சிறப்பு அதனோடு முடியவில்லை. முதலாளியின் வைரங்களைக் கவர்தற்பொருட்டு அவன் புனைந்த பொய்யே அப்பேய்க்கதை என்பது பின்னர் வெளிப்படுகின்றது. அணங்கு என்று நாம் அஞ்சியவிடத்துக் கள்வன் நின்றான். அதுவும் நாம் இரங்கிய அவனே. அச்சுறுத்தப்பட்ட முதலாளியைப் போன்றே நாமும் ஒரு சொல்லால் ஏமாந்தோம். இறுதியிலோ, வேறொரு வீட்டிற்குச் செல்லும் அவன், தான் புனைந்தது போன்றதோர் அச்சத்தைத் தானே எதிர்கொள்கின்றான். அணங்கிலிருந்து கள்வனுக்கும், கள்வனிலிருந்து மீண்டும் அணங்கிற்கும் கதை பெயர்வதால், எங்கும் காலூன்ற இயலாமற் போகின்றது. பொய்ப்பேய் என்று தெளிந்து நிமிர்ந்தவன் மீண்டும் குனிய வேண்டியவனாகின்றான்.

நான்காவது களனாகிய இறை, திரையில் அரிதாகவே ஆளப்படுவது. ஜோர்ஜ் றொமேரோ 1968இற் சிறு செலவிற் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’ அதனை ஆண்டது. எழுந்து நடக்கும் பிணங்களுக்கு அஞ்சிச் சிலர் ஒரு பண்ணைவீட்டிற் பதுங்குகின்றனர். கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் ஏற்ற தலைமைப் பாத்திரம் ஒன்றே இரவு கடந்து உயிர் தப்புகின்றது. காலையிற் காவலதிகாரியின் ஆட்கள் வருகின்றனர். இனி அச்சமில்லை என்று நாம் மூச்சுவிடுகின்றோம். அவர்களோ அவனையும் பிணமென்று கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். இரவெல்லாம் அணங்கிற்கு அஞ்சியவன் காலையில் இறையால் மடிகின்றான். அப்படத்தைப் பார்த்தவர் பிணங்களை மறப்பினும் அக்காலைப் பொழுதை மறவார்.

இவற்றால், சிறுமுதற் படங்கள் யாவும் சிறந்தன என்று கொள்ளற்க. கதவு கிறீச்சிடுவதும், பூனை பாய்வதும், திடீரென இசை முழங்குவதுமாகக் காலங்கழிக்கும் படங்கள் எண்ணில. அவை தருவது திடுக்கீடு. பின்னால் வந்து கைதட்டினாலும் திடுக்கிடுவோம். அதற்குக் கலை வேண்டியதில்லை. திடுக்கீடு நொடியில் மறைவது. அச்சம் வீடுவரை வருவது. இவ்வேறுபாட்டை அறியாதவன் கையிற் குறைந்த முதலும் வீணே, நிறைந்த முதலும் வீணே.

இதுவரை கூறியவற்றிற்கு வலியதொரு சான்று திரையரங்கிலன்றி எம் தெருக்களிலேயே நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டு ஆகஸ்ற்று மாதம், இலங்கையின் பல பாகங்களிலும், சிறப்பாகக் கிழக்கு மாகாணத்திலும், ‘கிறீஸ் பூதம்’, ‘மர்ம மனிதன்’ என்னும் பெயர்கள் வாய்க்கு வாய் பரவின. பிடிப்போர் கையினின்றும் வழுக்கிச் செல்ல உடலெங்கும் கிறீஸ் பூசியவன், இரவிற் பெண்கள் இருக்கும் வீடுகளை நாடுபவன் என்பதே பேச்சு. அவ்வாண்டு அம்மாதம் நோன்பு மாதமாகவும் அமைந்தது. ஆடவர் தறாவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றிருக்க, வீட்டிலுள்ளோர் கதவடைத்து ஒவ்வோர் ஓசைக்கும் செவிசாய்த்திருந்தனர். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்ற வேறுபாடின்றி இளைஞர் இரவிரவாக விழித்துக் காவலிருந்தனர்.

அப்பெயரையே நோக்குக. பூதம் என்றமையால் அணங்கு. கிறீஸ் பூசியவன் என்றமையாற் கள்வன். இருளிற் பாய்ந்தோடுபவன் என்றமையால் விலங்கு. போர் முடிந்து இரண்டாண்டே கழிந்திருந்த காலம் அது. ஓடியவன் படையினரின் முகாம் பக்கமே மறைந்தான் என்று மக்கள் பல இடங்களிற் குற்றஞ்சாட்ட, அதிகாரிகள் அதனை மறுத்தனர். ஆகவே இறை என்னும் ஐயமும் அதனுட் புகுந்தது. தொல்காப்பியர் வகுத்த நான்கு களன்களும் ஓருருவில், அதுவும் எவரும் தெளியக் காணாத உருவில், ஒருங்கே வந்து நின்றன. செலவு ஒரு சதமும் இல்லை. ஒரு கரை முழுவதும் உறக்கமிழந்தது.

ஆயின் அதன் மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். முகமற்ற அச்சத்தை மனிதன் நெடுநாள் தாங்கான். விரைவில் அதற்கொரு முகந்தேடுவான். அந்நாட்களிற் பல ஊர்களில் அயலூரிலிருந்து வந்தவரும், வழிதவறியவரும், மனநலங்குன்றியவரும் மர்ம மனிதனென ஐயுறப்பட்டுப் பிடிக்கப்பட்டனர், அடியுண்டனர். அச்சம் துணிவாக மாறியவுடன் செயல் பிறந்தது. செயல் வீழ்ந்தது குற்றமற்றவர் முதுகில். பேய்ப்படம் பற்றிய ஆராய்ச்சி வெறுஞ்சுவையாராய்ச்சியாக நின்றுவிடாமைக்குக் காரணம் இதுவே. விதவையையும், அங்கங்குறைந்தவரையும், கறுத்த மேனியரையும், பித்துப்பிடித்த பெண்ணையும் பேயின் முகமாக எளிதிற் காட்டிவிடும் படங்கள், தெருவில் நிகழ்ந்த அத்தவற்றையே அரங்கினுட் பயிற்றுகின்றன. முகங்காட்டாது பொறுக்கும் படமோ, அறியாததை அறியாததாகவே வைத்திருக்கும் பொறுமையைக் கற்பிக்கின்றது.

1964இல் மலையாளத்தில் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’ ஒரு படி மேலே சென்றது. வைக்கம் முகம்மது பஷீர் தம் ‘நீலவெளிச்சம்’ என்னும் சிறுகதையைத் தழுவித் திரைக்கதை எழுத, ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ற் முதன்முதலாக நெறியாண்டார். தற்கொலை செய்த பெண்ணின் பேய் உலவுகின்றதென ஊரார் அஞ்சும் வீட்டில் எழுத்தாளன் ஒருவன் குடியேறுகின்றான். அவன் கட்புலனாகாத அப்பெண்ணோடு, வீட்டுக்குரியவளிடம் விருந்தினன் பேசுவது போலப் பணிவோடு பேசுகின்றான். வெற்றறையை நோக்கிப் பேசும் ஒரு மனிதன்; நடிப்பும் ஒளியும் நிழலுமே முதல். மெல்ல மெல்ல அவள் கதை வெளிவருகின்றது: அவள் தற்கொலை செய்தவளல்லள், கொலையுண்டவள். ஊர் அஞ்சவேண்டியவன் உயிரோடு ஊரிலே உலவிக்கொண்டிருந்தான். அச்சம் தவறான முகத்தின்மீது படிந்திருந்ததென்பதை உணர்ந்தவிடத்து, நம் அச்சம் இரக்கமாக மாறுகின்றது.

உண்மை அச்சத்தை இக்கரை நன்கறியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. அதனைக் கண்டாரைப் பேரலையின் படம் காட்டி அச்சுறுத்த எவராலும் இயலாது. எத்துணைப் பொருள் செலவிடினும் இயலாது. அவ்வாறு முயல்வது பண்புமாகாது. கலையிற் பிறக்கும் அச்சம் வாழ்வின் அச்சத்தோடு அளவிற் போட்டியிடுவதன்று. வாழ்வில் அஞ்சியபொழுது நம்மால் எண்ணிப்பார்க்க இயலவில்லை, ஓடினோம். அரங்கில் அஞ்சும்பொழுது, ஓடவேண்டியதில்லையாதலால், அச்சம் எவ்வாறு பிறக்கின்றது, எவர்மேற் பாய்கின்றது என்பவற்றை உடனிருந்து காண்கின்றோம். அச்சச் சுவையின் பயன் இதுவே.

இன்று கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள இளைஞர் கையிற் கைபேசியே படக்கருவியாக உளது. முதலில்லையே என்று அவர் வருந்த வேண்டியதில்லை. அவர்க்கு வீடுண்டு, கடலோசையுண்டு, தறியோசையுண்டு, மூத்தம்மாமாரின் பாதியில் நிறுத்தப்பட்ட கதைகளும் உண்டு. அவற்றைக் கொண்டு படம் எடுப்போர், பேயை எவ்வாறு காட்டுவது என்று எண்ணுமுன், எவர் முகத்தைப் பேய்முகமாகக் காட்டலாகாது என்று எண்ணுவராயின், அப்படம் அச்சுறுத்துவதோடு அறமும் உடையதாகும்.